கம்பெனி நேவிகேஷனா, தனிக் கருவியா, போனா? செட்டிநாட்டு ஊர்களுக்குள் எது சரியாகக் கொண்டு சேர்க்கும்?

பள்ளத்தூர் வண்டி:
வணக்கம். 2013 மாடல் டீசல் செடான். கம்பெனியிலேயே வந்த டச் ஸ்கிரீன் செட்டு, எஸ்டி கார்டில் சாலை வரைபடம். திருச்சியிலிருந்து காரைக்குடி வரை இன்னமும் 210 என்றே சாலை எண் காட்டுகிறது. வண்டி பெரும்பாலும் ஊர் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும். விசேஷம் வந்தால் திருச்சி, மதுரை விமான நிலையங்களுக்கும் நகரத்தார் கோயில்கள் ஒன்பதுக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் ஓடும். ஓட்டுவது ஒவ்வொரு முறையும் வேறு ஆள். கம்பெனிப் படத்தைக் காசு கொடுத்துப் புதுப்பிக்கலாமா, கண்ணாடியில் ஒட்டும் தனி நேவிகேட்டர் வாங்கலாமா, செட்டையே மாற்றி ஆண்ட்ராய்டு செட்டு போடலாமா?

புதுவயல் எலக்ட்ரிகல்:
அவசரப்பட்டுச் செட்டைக் கழற்றிடாதீங்கண்ணே. நேவிகேஷன்ல ரெண்டு வேலை இருக்கு. வண்டி எங்கே நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணு. அந்த இடத்தைப் படத்துல பொருத்தி வழி சொல்றது இன்னொண்ணு.

முதல் வேலையில கம்பெனிச் செட்டுக்குத்தான் பலம். ஆன்டெனாவைக் கூரையிலயோ டேஷ்போர்டுக்குள்ளயோ வானம் பார்த்த மாதிரி வச்சிருப்பாங்க. பெரும்பாலான செட்டுக்குச் சக்கர வேக சிக்னலும் வரும், திருப்பத்தை உணர்ற கைரோவும் உள்ளே இருக்கும். ஜிபிஎஸ் அறுந்துபோனாலும் ஓடின தூரத்தையும் திரும்பின கோணத்தையும் வச்சு அம்புக்குறியை நகர்த்திக்கிட்டே போகும். சென்னை கத்திப்பாரா மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா சாலை போற இடம், சுரங்கப்பாதை, பேஸ்மென்ட் பார்க்கிங், இங்கெல்லாம் அது பெரிய உதவி. ஒட்டுற கருவிக்கு அந்த வயரே கிடையாது.

ஆனா நம்ம பக்கம் பொட்டலும் கண்மாயும்தான், வானம் முழுசாத் தெரியும். சிக்னல் விட்டுப்போய் வழி தப்புறது இங்கே அபூர்வம். தப்பு வர்றது ரெண்டாவது வேலையில, அதாவது படத்துல. அதை ஆச்சி சொன்னாத்தான் சரியா இருக்கும்.

கோனாபட்டு ஆச்சி:
சாலை எண்ணில் தொடங்குகிறேன். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். பழைய 210 மூன்றாகப் பிரிந்தது. திருச்சி–புதுக்கோட்டை 336, புதுக்கோட்டை–திருமயம் 36, திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் வரை 536. வழிகாட்டிப் பலகையில் 536 இருக்க, கருவி 210 என்று சொன்னால் புதிதாக ஓட்டுகிறவர் தடுமாறுவார். ஆனாலும் எண் பழசாக இருப்பதால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடாது. நம் பகுதியில் படம் உண்மையாகவே ஏமாற்றும் இடங்கள் வேறு.

முதலாவது வீடு. நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டுக்கட்டாக அமைந்த நம் வளவு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். படத்தில் வீட்டுக்கான புள்ளியைப் பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் வைத்திருப்பார்கள். வழி போடும் மென்பொருள் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலையைத் தேடும். புள்ளி இரண்டாம் கட்டுப் பக்கம் சில மீட்டர் சாய்ந்திருந்தால் போதும், பின் தெருவில் நிறுத்தி "சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்று சொல்லிவிடும். கானாடுகாத்தானில் ஒரே மாதிரி மதிலாக ஓடும் தெருக்களில் வெளியூர் ஓட்டுநர் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதற்கு ஒரே மருந்து, முகப்பு வாசலுக்கு நேரே சாலையின் மேலேயே புள்ளி வைத்துச் சேமிப்பது. வீட்டின் மேல் வைக்கக் கூடாது.

இரண்டாவது ஊர்ப் பெயர். "திருப்பத்தூர்" என்று அடித்தால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் வரும், 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூரும் வரும். ஆங்கில எழுத்தில் தேடினால் திருச்சி அருகே பிரம்மபுரீஸ்வரர் கோயில் இருக்கும் திருப்பட்டூரும் அதோடு சேர்ந்துகொள்ளும். பழைய படத்தில் வடக்கே உள்ளது இன்னும் வேலூர் மாவட்டத்திலேயே கிடக்கும். பட்டியலில் மேலே வருவதைத் தொடாமல், தூரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நகரத்தார் கோயில்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இளையாத்தங்குடி என்று தேடினால் இளையான்குடியைக் காட்டும் கருவி உண்டு. மாத்தூர், வேலங்குடி, சூரக்குடி பெயர்களில் வேறு மாவட்டங்களிலும் ஊர்கள் உண்டு. ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், பழைய கருவி ஓர் எழுத்து மாறினாலும் "இல்லை" என்றுவிடும். "செட்டிநாடு" என்று மட்டும் தேடினால் உணவகங்கள் வரிசை கட்டும். கானாடுகாத்தான் பக்கம் அதே பெயரில் ரயில் நிலையமும் இருக்கிறது. பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒன்பது கோயிலுக்கும் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி வாங்கினாலும் அது செல்லும்.

சிங்கம்புணரி ரூட்:
ஆச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அமைப்பில் "குறைந்த தூரம்" என்று இருந்தால் முதலில் "விரைவான வழி" என்று மாற்றுங்கள், "மண் சாலையைத் தவிர்" என்பதையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் கண்மாய்க் கரை மேல் ஏற்றிவிடும். கரைப் பாதை டிராக்டருக்குச் சரி, செடானுக்கு அடி தட்டும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கலுங்கு வழிந்தால் கீழே தரைப்பாலம் மூழ்கிவிடும். எந்தப் படமும் அதைச் சொல்லாது.

மற்றபடி நான் தனிக் கருவிக் கட்சி. ஓட்டுநர் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு அதுதான் பொருத்தம். சேமித்த இடங்கள் வண்டியோடு இருக்கும், டேட்டா வேண்டாம், அழைப்பு வந்து திரையை மறைக்காது. ஓட்டுநரின் போனில் டேட்டா தீர்ந்ததா, சார்ஜ் இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. கார்மின் நிறுவனத்தின் கருவியாக இருந்தால், பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து அதற்கென்றே தயாரித்த படத்தை இலவசமாக இறக்கி ஏற்றலாம். மைக்ரோ எஸ்டி கார்டை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து, அதில் "Garmin" என்ற கோப்புறை உண்டாக்கி, படக் கோப்பை உள்ளே போடுங்கள். ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போனால் ஃபேட் 32 ஏற்காது, அதனால் இந்தியா முழுவதற்குமான கோப்பு அதைத் தாண்டினால் தென்னிந்தியப் பகுதியை மட்டும் எடுங்கள். கருவியின் பழைய படத்தை அமைப்பில் அணைத்துவிட வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரே சாலை இரண்டு கோடாகத் தெரியும், வழியும் குழம்பும்.

புதுவயல் எலக்ட்ரிகல்:
படம் ஏத்துறது சரிதாண்ணே. ஆனா நம்ம வெயிலுக்கு அந்தக் கருவி எத்தனை கோடை தாங்கும்? சித்திரை, வைகாசியில வெளியில 40 டிகிரியை ஒட்டி இருக்கும், பூட்டின வண்டிக்குள்ள டேஷ்போர்டு மேல 60-ஐத் தாண்டிடும். உள்ளே இருக்கிறது சின்ன லித்தியம் பேட்டரி. சூட்டுல உப்பும், திரை ஓரம் லேசாத் தூக்கும். அப்படித் தூக்கினா அன்னையோட சார்ஜ் போடுறதை நிறுத்திடணும். பேட்டரி செத்த கருவி வண்டிக் கரண்ட்ல ஓடும், ஆனா ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் இறங்குமே, அப்ப ஒவ்வொரு தடவையும் அணைஞ்சு திரும்ப எழும்பும்.

இன்னொரு குழப்பம், சாதாரண யூஎஸ்பி வயரைச் சொருகினா சில கருவி கம்ப்யூட்டரோட சேர்ந்துட்டதா நினைச்சுப் படமே காட்டாது. கருவி கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடுறாங்க. அதோட வந்த வண்டிச் சார்ஜர் வயரைப் போட்டா சரியாயிடும். மலிவான 12 வோல்ட் சார்ஜர், மலிவான டேஷ்கேம் ரெண்டும் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கும். உள்ள இருக்கிற வோல்டேஜ் குறைக்கிற சர்க்யூட்டோட இரைச்சல் 1575 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கசியும், செயற்கைக்கோள் சிக்னலோ ரொம்ப மெலிசு. டேஷ்கேமைப் பிடுங்கினதும் சிக்னல் ஏறினா குற்றவாளி அதுதான். ரெண்டுக்கும் நடுவுல ஓர் அடியாவது விடுங்க. உலோகப் பூச்சு சன் ஃபிலிம் இருந்தா கண்ணாடிக்குப் பின்னால எந்தக் கருவிக்கும் சிக்னல் குறையும்.

பள்ளத்தூர் வண்டி:
வீட்டில் உறவினர் விட்டுப்போன பழைய நேவிகேட்டர் ஒன்று கிடக்கிறது. தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறது, இடம் பிடிக்கவும் வெகுநேரம் ஆகிறது. இதைத் தேற்றலாமா?

கோனாபட்டு ஆச்சி:
அது கருவி கெட்டதால் வந்த கோளாறு இல்லை தம்பி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வாரத்தை 10 பிட் எண்ணில் சொல்கிறது. 1024 வாரம் ஆனதும் எண் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் மறுமுறை அது நடந்தது. மென்பொருள் புதுப்பிக்காத கருவிகள் அதன் பிறகு கிட்டத்தட்ட 20 ஆண்டு பின்னோக்கிப் போய்விட்டன. இடம் சரியாகவே காட்டலாம். தேதியும் சேரும் நேரமும்தான் தப்பும். தயாரிப்பாளர் புது மென்பொருள் கொடுத்திருந்தால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் வேறு. மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற பட்டியல் பழசாகியிருக்கும். முழுப் பட்டியலும் வானத்திலிருந்து வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். போனுக்கு அது இணையத்தில் வந்துவிடுவதால் உடனே பிடிக்கிறது. முதல் நாள் கருவியைத் திறந்த வெளியில் வண்டியை நகர்த்தாமல் கால் மணி நேரம் வைத்திருங்கள். வளவுக்குள்ளேயோ தகரக் கொட்டகைக்குக் கீழேயோ வைத்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது. அதன்பின் அன்றாடம் ஒரு நிமிடத்துக்குள் பிடிக்கும்.

ஆயத்தொலைவு அடிக்கும்போது ஒரு பெரிய தவறு நடக்கும், கவனியுங்கள். போன் 10.17, 78.78 என்று தசமத்தில் கொடுக்கும். பழைய கருவி பாகை, நிமிடம் என்று கேட்கும். 10.17 பாகை என்பது 10 பாகை 10.2 நிமிடம். அதைப் பார்த்தபடி 10 பாகை 17 நிமிடம் என்று அடித்தால் 12 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, திருமயத்தைத் தாண்டிப் புள்ளி விழும். தீர்க்கரேகையில் 78 நிமிடம் என்று அடித்தால் கருவியே மறுத்துவிடும், ஏனென்றால் நிமிடம் 60-க்குள்தான். மறுப்பு வந்தால் இரண்டையும் திருத்துங்கள், தீர்க்கரேகையை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். அமைப்பில் தசமப் பாகை என்று மாற்ற வழி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வாசல் அளவுக்குத் துல்லியம் வேண்டுமானால் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வேண்டும். அது சுமார் ஒரு மீட்டர். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஊர் எல்லைதான் கிடைக்கும்.

2025-இல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் என்ற இடக் குறியீடும் நல்ல ஏற்பாடு. 10 எழுத்துக்குள் ஏறக்குறைய 4 மீட்டர் சதுரம் அடங்கிவிடும். வாசலின் குறியீட்டை விசேஷப் பத்திரிகையிலேயே அச்சிடலாம். ஆனால் பழைய கம்பெனிச் செட்டும் தனிக் கருவியும் அதை ஏற்காது, ஆயத்தொலைவாக மாற்றித்தான் அடிக்க வேண்டும்.

பள்ளத்தூர் வண்டி:
நன்றி ஆச்சி. கம்பெனிப் படத்தைப் புதுப்பிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே?

சிங்கம்புணரி ரூட்:
காசு கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அந்தப் படம் எந்த ஆண்டு வெளியானது? விற்பவர் "லேட்டஸ்ட்" என்பார். அந்த மாடலுக்குக் கடைசியாக வந்த படம் என்றுதான் அதற்குப் பொருள், பல ஆண்டுக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். சோதனைக்கு மூன்று கேள்வி போதும். திருமயம்–காரைக்குடி 536 என்று இருக்கிறதா? வடக்குத் திருப்பத்தூர் தனி மாவட்டமாக இருக்கிறதா? உங்கள் ஊர்த் தெருக்கள் கோடாகவாவது இருக்கின்றனவா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் வாங்க வேண்டாம். 2013 வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றுமே இல்லை என்றுதான் வரும்.

வாங்கினாலும் கார்டு அந்தச் செட்டோடு பூட்டப்பட்டிருக்கும், நகலெடுத்த கார்டு ஓடாது. பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு முதலில் டிரைவை வண்டியில் சொருகி அதன் அடையாளத்தைப் பதியவிட வேண்டும், பிறகுதான் கம்ப்யூட்டரில் படம் இறக்க வேண்டும். வரிசை மாறினால் வண்டி ஏற்காது. ஏற்றும் நேரத்தில் இன்ஜின் ஓடட்டும், பாதியில் அணைத்தால் செட்டு எழும்பாமலே போய்விடக்கூடும்.

புதுவயல் எலக்ட்ரிகல்:
அப்ப மிச்சம் ஆண்ட்ராய்டு செட்டு. உங்க வண்டி மாசக்கணக்கில நிக்குதுன்னு சொன்னீங்களே, அதனாலதான் முதல்லயே தடுத்தேன். 45 ஆம்பியர் அவர் பேட்டரி. எந்தக் குறையும் இல்லாத வண்டியே நிக்கும்போது 30 மில்லி ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர், ஒரு மாசத்துல பாதி பேட்டரி காலி. சரியாத் தூங்காத ஆண்ட்ராய்டு செட்டு 100 மில்லி ஆம்பியர் கூடுதலா இழுத்தா அதே பாதி ஒரு வாரத்துலயே போயிடும். விசேஷத்துக்கு வந்து சாவியைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம்தான் வரும்.

பழி எப்பவும் செட்டு மேலயும் இல்ல, வயரிங்லயும் இருக்கு. பெரும்பாலான செட்டுல மஞ்சள் வயர் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு வயர் சாவி போட்டா வர்ற ஆக்சசரி லைன், கறுப்பு எர்த். ரெண்டையும் நிரந்தர லைன்ல முறுக்கிவிட்டா செட்டு தூங்கவே தூங்காது. ரெண்டையும் ஆக்சசரியில கொடுத்தா ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து பூட் ஆகும், அமைப்பெல்லாம் அழியும், ஜிபிஎஸ் கடைசி இடத்தை மறந்துடும். வயரை வெட்டாம உங்க மாடலுக்கான கப்ளர் வாங்கிச் சொருகச் சொல்லுங்க. கப்ளர் போட்டாலும் மல்டிமீட்டர் வச்சு எது நிரந்தரம்னு பார்த்தே ஆகணும், சில வண்டியில மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி வரும்.

நிக்கும்போது இழுக்கிற இந்தக் கரண்ட் இழுவையைச் சோதிக்க, சாவியை எடுத்துத் தூரமா வச்சு, கதவுப் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால மூடின நிலைக்குத் தள்ளி, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் துளையில வச்சு இணைங்க. உடனே பார்க்காதீங்க, அரை மணி நேரம் விடுங்க, வண்டிக் கம்ப்யூட்டருங்க தூங்கணும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல நின்னா ஃபியூஸை ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாருங்க, எதுல இறங்குதோ அந்த லைன்தான். மீட்டர் இணைச்சபடி ஸ்டார்ட் மட்டும் பண்ணவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

ஆன்டெனாவை டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில வைக்கலாம், இரும்புச் சட்டத்துக்கு அடியில வைக்கக் கூடாது. காந்தம் உள்ள பக்கம் கீழே, செராமிக் பக்கம் வானம் பார்க்கணும். தலைகீழா ஒட்டிட்டு "சிக்னல் வரலை"ன்னு வர்ற வண்டி நிறைய. செட்டுலயே ஜிபிஎஸ் டெஸ்ட் மாதிரி ஒரு ஆப் போட்டுச் சிக்னல் அளவைப் பாருங்க. திறந்த வெளியில நாலஞ்சு செயற்கைக்கோளாவது 35-க்கு மேல இருக்கணும். எல்லாமே 25-க்குக் கீழேன்னா ஆன்டெனா இடத்தை மாத்துங்க.

கோனாபட்டு ஆச்சி:
நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்று சொல்வேன். உள்ளே ஆண்ட்ராய்டு ஓடாத, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் மட்டும் காட்டும் செட்டு. படம், தேடல், நெரிசல் எல்லாம் போனில் நடக்கும், திரை மட்டும் வண்டியுடையது. உடனே எழும்பும், உள்ளே பழசாகப் படமே கிடையாது. யார் ஓட்டினாலும் தம் போனைச் சொருகிக்கொள்ளலாம், அது நிழலில் கன்சோலுக்குள் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய போன் மே மாத வெயிலில் திரையை மங்கலாக்கும், சார்ஜையும் நிறுத்திவிடும். ஒரு மீட்டருக்குள் நல்ல டேட்டா வயர் வாங்குங்கள். வயர்லெஸ் வசதி போனை இன்னும் சூடாக்கும், இந்த ஊருக்கு வயரே மேல்.

நெரிசல் தகவல் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முன்பு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியில் பழனிக்கு நடப்பவர்கள் சாலை முழுவதும் இருப்பார்கள். அந்தப் பக்கம் வண்டிகள் மெதுவாக ஊர்வதைப் போன் காட்டிவிடும். இணையமில்லாத கருவி வழக்கமான வேகத்தை வைத்தே நேரம் சொல்லும்.

சிங்கம்புணரி ரூட்:
ஆச்சி, டேட்டா விட்டுப்போனால்? கொடைக்கானல் மலைப் பாதையில் தனிக் கருவிதான் வாயடைக்காமல் வழி சொல்லும்.

கோனாபட்டு ஆச்சி:
மலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பகுதியை இறக்கி வைக்க வேண்டும். இறக்கிய படத்தில் காருக்கு வழி கிடைக்கும், நெரிசல் மட்டும் தெரியாது. அது காலாவதியும் ஆகும், ஊருக்குக் கிளம்பும் முன் புதுப்பிக்க வேண்டும். ஓட்டுநர் மாறுவதால் அதை ஒவ்வொருவரும் செய்வார்கள் என்று நம்ப முடியாது, அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. மலைக்கு அடிக்கடி போகும் வண்டி என்றால் தனிக் கருவியை நானும் மறுக்க மாட்டேன். பள்ளத்தூர் தம்பியின் வண்டி ஓடுவது திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில்தான்.

போனைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. 2020 அக்டோபரிலிருந்து மோட்டார் வாகன விதியில், ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. இலக்கை வண்டி நிற்கும்போதே போட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர் வண்டி:
சரி, கம்பெனிப் படத்துக்குக் காசு கட்டவில்லை. போனைக் காட்டும் செட்டு மட்டும் போடுகிறேன். ஒன்பது கோயிலுக்கும் எங்கள் வீட்டு முகப்புக்கும் ஆயத்தொலைவு எடுத்து, பகிரக்கூடிய பட்டியலாக ஓட்டுபவருக்கு அனுப்பிவிடுகிறேன். ஊரை விட்டுக் கிளம்பும்போது பேட்டரியை என்ன செய்வது?

புதுவயல் எலக்ட்ரிகல்:
பழைய செட்டுக்குச் செக்யூரிட்டி கோடு இருந்தா, கழற்றுறதுக்கு முன்னாடி எழுதி வச்சுக்குங்க. வண்டியை விற்கும்போது அதையே திரும்பப் போடலாம். ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா ரெண்டும் புதுச் செட்டுல வேலை செய்யுதான்னு கடையிலயே பாருங்க, அதுக்கு மாடலுக்குத் தகுந்த அடாப்டர் தேவைப்படும். வண்டியை நிறுத்தி இழுவையும் அளந்துடுங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கும்னா நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, துணி சுத்தித் தள்ளி வைங்க. பாசிட்டிவைத் தொடாதீங்க, ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட். முன்னாடியே பானட்டைத் திறந்து வச்சுட்டு, சாவியைக் கையில வச்சுக்குங்க, சில வண்டி கரண்ட் போனதும் தானாப் பூட்டிக்கும். திரும்பி வந்து மாட்டினதும் கடிகாரம், பவர் விண்டோ ரெண்டையும் மறுபடி செட் பண்ணணும். கண்ணாடியை முழுசா இறக்கி ஏத்தி, மேலே போனதும் பட்டனைச் சில விநாடி பிடிச்சிருந்தா பெரும்பாலான வண்டியில சரியாயிடும்.